ஓசோன் தின்னும் கடல்: திருகோணமலைக் கரையில் வாடையும் கச்சானும்

ஒவ்வொரு மார்கழியும் தவறாமல் அந்த வட்ஸ்அப் செய்தி வந்துவிடுகிறது. மார்கழி விடியற்காலையில் ஓசோன் படலம் பூமிக்கு மிக அருகே இறங்குகிறதாம். அதனால்தான் முன்னோர் அந்த நேரத்தில் எழுந்து கோலம் போடவும் கோயிலுக்குப் போகவும் சொன்னார்களாம். அந்தக் காற்றைச் சுவாசித்தால் நோய் அண்டாதாம். திருகோணமலையில் எங்கள் ஆட்கள் இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வார்கள்: கடற்காற்றில் ஓசோன் கூடுதல், ஆகவே கோணேசர் மலையில் நின்று மூச்சை இழுத்தால் இரட்டிப்புப் பலன்.

திருவெம்பாவை நாட்களில் விடியப்புறம் நாலு மணிக்கே தெருவில் சங்கும் சேமக்கலமும் கேட்கும். சின்ன வயதில் அந்தக் கூட்டத்தோடு நடந்தவன் நான். அந்தக் காற்றின் சுகம் எனக்குத் தெரியும், அதை மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்தச் சுகத்தைத் தருவது ஓசோன் இல்லை. எங்கள் வாசலில் விரிந்து கிடக்கிற இந்தக் கடல் ஓசோன் விளையும் இடம் அல்ல, ஓசோன் வந்து அழியும் இடம். அப்படி அழிகிறபோதுதான் உலகத்தின் காற்று கழுவப்படுகிறது. கடற்காற்றின் பெருமை அதில் ஓசோன் நிறைந்திருப்பதில் இல்லை, குறைந்திருப்பதில்தான் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று பல நாளாக மனதில் கிடக்கிறது.

முதலில் மணத்தைப் பார்ப்போம். ஓசோனுக்கு ஒரு மணம் உண்டு. பழைய போட்டோகொப்பி மெசின் ஓடுகிற கடைக்குள் நுழைந்தால் மூக்கில் குத்துகிற, கொஞ்சம் உலோகம் போன்ற அந்த நெடி ஓசோனின் நெடி. மெசினுக்குள் இருக்கிற உயர் மின்னழுத்தம் காற்றிலுள்ள ஒட்சிசனைப் பிரிக்க, பிரிந்த அணு வேறொரு ஒட்சிசன் மூலக்கூறோடு ஒட்டி மூன்று அணுக்கள் கொண்ட ஓசோன் ஆகிறது. பக்கத்தில் மின்னல் விழுந்தபின் வருகிற மணமும் இதேதான். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் இருந்த சொன்பைன் என்ற வேதியியலாளர் நீரை மின்சாரத்தால் பிரிக்கும்போது வந்த இந்த மணத்தை வைத்தே 1840இல் இந்த வாயுவுக்குப் பெயரிட்டார். மணத்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது அந்தப் பெயர்.

கடற்கரை மணம் அப்படியா இருக்கிறது? டச்பேயில் பின்னேரம் நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள். பாசி, உப்பு, கொஞ்சம் மீன், அதற்கு அடியில் இனம் சொல்ல முடியாத ஒரு மெல்லிய நெடி. அந்த நெடியில் பெரும்பங்கு இருமெதயில் சல்பைட்டு என்ற கந்தகச் சேர்மத்தினுடையது. கடலில் மிதக்கிற கண்ணுக்குத் தெரியாத தாவர நுண்ணுயிர்கள் தங்கள் உடலில் வைத்திருக்கும் ஒரு பொருள், அவை சாகும்போதும் மற்ற உயிர்கள் அவற்றைத் தின்னும்போதும் சிதைந்து இந்த வாயுவாக வெளியே வருகிறது. கடற்பறவைகளில் சில இந்த மணத்தைப் பிடித்துக்கொண்டே இரை இருக்கும் இடத்தைத் தேடுகின்றன. காற்றில் ஏறியபின் இது கந்தக அமிலத் துகளாக மாறி, முகில் துளிகள் உருவாகும் விதையாகவும் ஆகிறது. கொட்டியாரக்குடாவுக்கு வெளியே கடலடிப் பள்ளத்தாக்கு சட்டென்று ஆழமாக இறங்குகிறது, திமிங்கிலங்கள் கரைக்குக் கிட்ட வருகின்றன. அந்தக் கடலில் இருந்து வருகிற மணம் உயிரின் மணம். அதை ஐரோப்பியர் 19ஆம் நூற்றாண்டில் ஓசோன் என்று எண்ணி, கடற்கரை ஊர்களை அந்தப் பெயரிலேயே விளம்பரம் செய்தார்கள். அந்த நம்பிக்கைதான் கப்பலேறி எங்கள் ஊருக்கும் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மேலே இருப்பதும் கீழே இருப்பதும்

ஓசோன் படலம் இறங்குமா? இறங்காது. உலகத்து ஓசோனில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு வளிமண்டலத்தின் மேலடுக்கான படைமண்டலத்தில் இருக்கிறது. எங்கள் தலைக்கு மேலே, அதாவது பூமத்திய ரேகையை ஒட்டிய வெப்பவலயத்தில், அது மிகச் செறிவாக இருப்பது சுமார் 25 கிலோமீற்றர் உயரத்தில். மழை முகிலின் உச்சிகூடப் பெரும்பாலும் 16, 17 கிலோமீற்றரில் நின்றுவிடும். மார்கழிக் குளிருக்காக அந்தப் படலம் கீழே வரப்போவதில்லை. வந்தாலும் அதை வரவேற்க முடியாது. ஓசோன் நுரையீரலை அரிக்கிற வாயு. எட்டு மணி நேரச் சராசரியில் ஒரு கனமீற்றர் காற்றில் 100 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நூறு கோடி காற்று மூலக்கூறுகளில் ஏறத்தாழ 50 ஓசோன் மூலக்கூறுகள் என்று அதைக் கணக்கிடலாம். ஆஸ்துமாக்காரருக்கு அதிலும் குறைவே தொந்தரவு தரும். எட்ட இருந்தால் உறவு, கிட்ட இருந்தால் பகை என்பார்களே, ஓசோனுக்கு அது அப்படியே பொருந்தும்.

மேலேயுள்ள படலம் பற்றி இங்கே ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்குகிறேன். தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் கடல்மட்டத்து அழுத்தத்துக்கும் பூச்சியப் பாகை வெப்பநிலைக்கும் கொண்டுவந்து பரப்பினால் உலகச் சராசரியாக 3 மில்லிமீற்றர் தடிப்புத்தான் வரும். ஓசோனின் தடிப்பைச் சொல்லும் டொப்சன் அலகில் 300. வெப்பவலயத்தில் அதுவும் இல்லை, 260ஐ ஒட்டித்தான் இருக்கும். இத்தனைக்கும் படைமண்டல ஓசோன் கூடுதலாக உருவாவது வெப்பவலயத்தின் மேலேதான். வெயில் இங்கேதான் கூட. ஆனால் அங்குள்ள மெதுவான காற்றோட்டம் உருவானதை வாரிக்கொண்டு துருவங்களை நோக்கிப் போய்விடுகிறது. விளைகிற நிலம் ஒன்று, களஞ்சியம் வேறொன்று.

இந்த மெல்லிய கூரையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடல் ஓசோனைத் தின்கிற கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

வெயிலும் ஈரமும்

திருகோணமலையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருடத்தில் இரண்டு முறை: சித்திரை வருசப்பிறப்பை ஒட்டி ஒரு தடவை, ஆவணி நடுவில் ஒரு தடவை. மற்ற மாதங்களிலும் அது உச்சியை விட்டு வெகுதூரம் விலகுவதில்லை. மேலே கூரை மெல்லியது, வெயில் நேர்குத்து. ஆகவே புற ஊதாக் கதிர் மற்ற இடங்களைவிட இங்கே தாராளமாகக் கடல்வரை இறங்குகிறது. அந்தக் கதிரில் 320 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுள்ள பகுதி, கீழே காற்றில் இருக்கும் கொஞ்ச ஓசோனையும் உடைக்கிறது. உடையும்போது மிகுந்த ஆற்றலோடு ஒரு ஒட்சிசன் அணு வெளியே பாய்கிறது.

அந்த அணு பெரும்பாலும் நைதரசனிலோ ஒட்சிசனிலோ மோதி அடங்கிவிடும். அடங்கியபின் திரும்பவும் ஒரு ஒட்சிசன் மூலக்கூறோடு சேர்ந்து பழைய ஓசோனாகவே ஆகிவிடும். அதில் இழப்பு எதுவும் இல்லை. ஆனால் அடங்கும் முன் அது ஒரு நீராவி மூலக்கூறில் மோதினால் கதை மாறுகிறது. இரண்டு ஐதரொட்சில் மூலிகங்கள், அதாவது எதையாவது பிடித்துத் தாக்கத் துடிக்கிற OH துண்டுகள், பிறக்கின்றன, ஓசோன் திரும்பி வராது. வரண்ட காற்றில் இது அரிது. எங்கள் கடல்மேல் நிலைமை வேறு. கடல்நீர் 28 பாகையில் இருக்கிறது, ஒரு கிலோ காற்றில் ஏறத்தாழ 20 கிராம் நீராவி இருக்கிறது. பங்குனி சித்திரையில் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறதே, அந்தப் புழுக்கம்தான் இது. இப்படி ஈரமான காற்றில் பாய்கிற அணுக்களில் பத்தில் ஒன்றளவுக்கு நீரில் போய் மோதுகின்றன. பகல் முழுக்க இது நடந்துகொண்டே இருக்கிறது.

பிறக்கிற ஐதரொட்சில் மூலிகத்தைப் பற்றி நான் கொஞ்சம் ஆசையோடு எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆயுள் ஒரு வினாடியளவு. ஒரு கன சென்ரிமீற்றர் காற்றில் பகலில் பத்து லட்சம் அளவில் இருக்கும். கேட்கப் பெரிய தொகையாகத் தெரியும், ஆனால் ஏறத்தாழ 25 லட்சம் கோடி காற்று மூலக்கூறுகளுக்கு ஒன்று என்பதுதான் கணக்கு. இந்த அற்பத் தொகைதான் காற்றைச் சுத்தம் செய்கிறது. வாகனப் புகையின் காபனோரொட்சைட்டு, வயலிலும் மாட்டு வயிற்றிலும் இருந்து வருகிற மெதேன், கடலின் கந்தக வாயு எல்லாவற்றையும் முதலில் பிடித்து ஒட்சியேற்றுவது இதுதான். கீழ் வளிமண்டலத்தில் இது இப்படி வேலை செய்ய வேண்டும் என்று ஹிராம் லெவி என்பவர் 1971இல் எழுதினார். அதற்கு முன் மாறன்மண்டலம் எனப்படும் இந்தக் கீழ் வளிமண்டலத்தை வேதியியல் பெரிதாக நடக்காத இடமாகவே பலரும் கருதினார்கள். இன்று தெரிவது: மெதேன் காற்றில் சுமார் ஒன்பது, பத்து வருடம் மட்டுமே தங்குவதற்குக் காரணம் இந்த மூலிகம். மெதேனின் பெரும்பங்கு அழிவது வெயிலும் ஈரமும் கூடுதலாக உள்ள வெப்பவலயத்தில். உலகத்தின் எந்த மூலையில் விட்ட மெதேனும் கடைசியில் இப்படியொரு கடல்மேல் வந்துதான் பெரும்பாலும் கரைகிறது.

அப்படியானால் மனிதர் கைபடாத வெப்பவலயக் கடல்மேல் ஓசோன் எவ்வளவு மிஞ்சும்? நூறு கோடியில் 10 முதல் 20 பங்கு. சில இடங்களில் பத்துக்கும் கீழே. மேற்குப் பசிபிக்கில் இடிமுகில்கள் கடல்மட்டத்துக் காற்றை அப்படியே உறிஞ்சி உயரே வீசுவதால், பல கிலோமீற்றர் உயரத்திலும் கிட்டத்தட்ட ஓசோனே இல்லாத காற்று இருப்பதை 1990களில் அளந்து காட்டினார்கள்.

இன்னொன்று, அந்த மார்கழிச் செய்திக்கு நேராகப் பதில் சொல்வது. நகரத்தில் ஓசோன் மிகக் குறைந்திருக்கும் நேரம் விடியற்காலை. இரவில் புதிதாக உருவாக்க வெயில் இல்லை. வாகனப் புகையிலுள்ள நைத்திரிக் ஒட்சைட்டும் இலைகளும் சுவர்களும் மண்ணும் இருப்பதைத் தின்றுவிடுகின்றன. அசையாத குளிர்க்காற்று நிலத்தோடு ஒட்டிக் கிடப்பதால் மேலிருந்து நிரப்பவும் வழியில்லை. திறந்த கடலில் இது தலைகீழ். அங்கே பகலில் வெயில் ஓசோனை அழிக்கிறது, இரவில் மேலேயுள்ள காற்று மெல்ல இறங்கிக் கலந்து கொஞ்சம் ஈடு செய்கிறது. ஆகவே கடலில் ஓசோன் உச்சம் தொடுவது சூரியன் எழும்புவதற்குச் சற்று முன், அடிமட்டம் பின்னேரத்தில். உச்சத்துக்கும் அடிக்கும் இடையேயான வித்தியாசம் சில பங்குகள்தான். பகலில் ஓசோன் ஏறினால் அது மனிதர் கைபட்ட காற்று, இறங்கினால் தூய கடற்காற்று. காற்றின் பூர்வீகத்தைப் பார்க்க இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது.

கடலே ஒரு சோதனைத்தாள்

உயர்தர வகுப்பில் வேதியியல் படித்தவர்களுக்கு அந்தத் தாள் நினைவிருக்கும். பொட்டாசியம் அயடைட்டுக் கரைசலிலும் மாப்பொருட் பசையிலும் நனைத்து எடுத்த வெள்ளைத் தாள். ஓசோன் பட்டால் அயடைட்டிலிருந்து அயடீன் விடுபடும், மாப்பொருளோடு சேர்ந்து தாள் நீலமாகும். சொன்பைன் உருவாக்கிய முறைதான் இது. 19ஆம் நூற்றாண்டில் பல ஊர்களில் இந்தத் தாளைத் தொங்கவிட்டு நிறத்தைப் பார்த்து ஓசோனை மதிப்பிட்டார்கள். ஈரப்பதனுக்கு ஏற்ப நிறம் மாறுவதால் எங்கள் ஊர் போன்ற இடத்தில் அதை நம்ப முடியாது, ஆனால் அடிப்படை உண்மையானது.

என்னை வியக்க வைத்த விசயம் இதுதான்: கடலின் மேற்பரப்பே அப்படியொரு தாள். கடல்நீரில் அயடைட்டு மிகக் கொஞ்சமாகக் கரைந்திருக்கிறது, வெப்பவலய மேல்நீரில் அது மற்ற இடங்களைவிடக் கூடுதல். காற்றிலுள்ள ஓசோன் நீரைத் தொட்டதும் அந்த அயடைட்டோடு தாக்கமடைந்து அழிகிறது. அயடீன் சேர்மங்கள் காற்றுக்கு ஏறுகின்றன. கதை அங்கே முடிவதில்லை. ஏறிய சேர்மத்தை வெயில் உடைக்கிறது, தனித்த அயடீன் அணு இன்னொரு ஓசோனைப் பிடித்து அழிக்கிறது, பிறகு சுற்றிவந்து மறுபடியும் தனி அணுவாகி அடுத்ததைப் பிடிக்கிறது. ஒரே அணு பல ஓசோன்களைத் தீர்த்துவிடும். புரோமினும் இதே வேலையைச் செய்யும். அது கடலுப்புத் துகளிலிருந்தும் கடற்பாசிகளிலிருந்தும் வருகிறது.

இது வெறும் ஊகம் அல்ல என்பதற்குச் சான்று அத்திலாந்திக்கில் கிடைத்தது. ஆபிரிக்காவுக்கு மேற்கே உள்ள கேப் வேர்டே தீவுகளில் ஒரு வருடம் தொடர்ந்து அளந்து, 2008இல் வெளியிட்டார்கள். நாள்தோறும் அழிகிற ஓசோன், அயடீனையும் புரோமினையும் சேர்க்காத கணினி மாதிரி சொன்னதைவிட ஏறத்தாழ 50 வீதம் கூடுதல். அவற்றைச் சேர்த்தால்தான் கணக்கு நேரானது. அதுவரை உலக மாதிரிகள் பெரும்பாலும் இந்தக் கடல் வேதியியலை விட்டுவிட்டே கணக்குப் போட்டிருந்தன. 2013இல் வந்த இன்னொரு ஆய்வு, அந்த அயடீனில் பெரும்பகுதி பாசியிலிருந்து அல்ல, நான் மேலே சொன்ன மேற்பரப்புத் தாக்கத்திலிருந்தே வருகிறது என்று காட்டியது. இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. காற்றில் ஓசோன் கூடினால் கடலிலிருந்து அயடீனும் கூடுகிறது. கிறீன்லாந்துப் பனிக்கட்டியில் புதைந்த அயடீன் 1950க்குப் பிறகு ஏறத்தாழ மூன்று மடங்காகியிருக்கிறது. நாங்கள் விடுகிற புகைக்குக் கடல் சத்தமில்லாமல் எதிர்வினை செய்திருக்கிறது.

ஓசோனை அளக்க வானில் விடுகிற பலூன் கருவியிலும் இதே தாக்கம்தான். ஒரு நுரைப்பெட்டி, அதற்குள் சிறிய பம்பி, பொட்டாசியம் அயடைட்டுக் கரைசல் உள்ள இரண்டு சின்னக் கிண்ணங்கள். பம்பி காற்றைக் கரைசலுக்குள் தள்ள, ஓசோன் எவ்வளவோ அவ்வளவு மின்னோட்டம் பாயும். 30 கிலோமீற்றரைத் தாண்டி பலூன் வெடிக்கும்வரை அது செய்தி அனுப்பிக்கொண்டே போகும். 1998இல் தொடங்கிய ஷாடோஸ் என்ற வலையமைப்பு வெப்பவலயத்தில் இப்படிப் பலூன் விடும் நிலையங்களை ஒன்றிணைக்கிறது. ஜாவா, கோலாலம்பூர், ரியூனியன், நைரோபி, சமோவா என்று நிலையங்கள் இருக்கின்றன. இலங்கை அந்த வரிசையில் இல்லை. வங்கக் கடலின் வாய்க்கரையில், இரண்டு பருவக்காற்றும் மாறிமாறி அடிக்கிற இடத்தில் இருக்கிற திருகோணமலைக்கு அந்தத் தகுதி நிறையவே உண்டு என்று நான் நினைக்கிறேன்.

இரண்டு காற்று, இரண்டு வேதியியல்

திருக்கடலூரில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு வயதானவரிடம் காற்றைப் பற்றிக் கேட்டேன். "அண்ணை, எந்தக் காற்றில கடல் நல்லம்?" என்றதற்கு, "கச்சான் இறங்கினா கடல் குளம் மாதிரி, தம்பி. வாடை ஏறினா வள்ளம் கரையிலதான்" என்றார். மேற்கிலிருந்து நிலத்தைத் தாண்டி வருவதால் கச்சான் கரையோரக் கடலை அடக்குகிறது. வாடை வங்கக் கடல் முழுவதையும் உருட்டிக்கொண்டு வந்து கரையில் கொட்டுகிறது. அவர் வள்ளத்தை வைத்துச் சொன்ன இதே பிரிவுதான் காற்றின் வேதியியலிலும் இருக்கிறது.

ஆனியிலும் ஆடியிலும் வருகிற தென்மேற்குப் பருவக்காற்றின் ஊற்று தென் இந்து சமுத்திரம். பூமத்திய ரேகையைக் கடந்து, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் வெறுங்கடல்மேல் ஊர்ந்து, வழியெல்லாம் ஓசோனை இழந்து வருகிறது. காலி, மாத்தறைக் கரையில் அது அப்படியே வந்து சேரும். எங்களுக்கு அந்தப் பாக்கியம் முழுதாக இல்லை. அந்தக் காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, தீவைக் குறுக்கே கடந்து, ஊர்களின் புகையையும் வீதிகளின் புகையையும் சேர்த்துக்கொண்டு, காய்ந்த கச்சானாகத்தான் திருகோணமலையில் இறங்குகிறது. பகலில் கடற்காற்று உள்ளே தள்ளும் நேரங்களில் மட்டும் அந்தக் காற்று சற்றுக் கலைந்து மாறும். ஆகவே கிழக்குக் கரையில் ஆடி மாதத்தைத் தூய கடற்காற்றுக் காலம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. அடித்தளம் தூய்மையானது, மேலே ஒரு பூச்சு நம்முடையது.

மார்கழி, தை மாதங்கள் வேறு. வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது, அந்தத் திசையின் தலைமாட்டில் கங்கைச் சமவெளி இருக்கிறது. விறகடுப்பு, செங்கல் சூளை, வைக்கோல் எரிப்பு, நிலக்கரி மின்நிலையம், கோடிக்கணக்கான வாகனங்கள். மாரிகாலத்தில் அந்தப் புகை வங்கக் கடலுக்குள் வழிந்து தெற்கே வருகிறது. 1999 ஜனவரி முதல் மார்ச் வரை மாலைதீவை மையமாக வைத்து நடந்த இந்து சமுத்திரப் பரிசோதனை இதை உலகத்துக்குக் காட்டியது. வீரபத்திரன் ராமநாதனும் போல் குருட்சனும் முன்னின்று நடத்திய ஆய்வு அது. ராமநாதன் இந்தியாவில் பிறந்தவர். குருட்சன் ஓசோன் ஆய்வுக்காக 1995இல் நோபல் பரிசைப் பகிர்ந்தவர். விமானங்களும் கப்பல்களும் அளந்தபோது, வட இந்து சமுத்திரத்தின்மேல் சுமார் மூன்று கிலோமீற்றர் உயரம்வரை பழுப்பு மூட்டம் கிடந்தது. தெற்கே போகப்போக அது மெலிந்தது. அப்போது பூமத்திய ரேகைக்குத் தெற்கே கிடந்த முகிற் பட்டியைத் தாண்டியதும் சட்டென்று தூய காற்று. ஓசோனும் அப்படியே: வடக்கே உயர்வு, பட்டிக்கு அப்பால் நூறு கோடியில் பத்து அளவு. 2008 டிசம்பர் கடைசியிலிருந்து 2009 ஜனவரி வரை இந்தியாவின் சாகர் கன்யா கப்பல் வங்கக் கடலைச் சுற்றி அளந்தபோதும் வடமுனையில் உயர்ந்து தெற்கே குறைகிற அதே படிக்கட்டுத்தான் கிடைத்தது.

ஆகவே மார்கழியில் எங்கள் கடலில் ஓசோன் ஆடியைவிடக் கூடுதல் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அது வானத்திலிருந்து இறங்கியது இல்லை. எங்கோ எரிந்த விறகிலிருந்தும் டீசலிலிருந்தும் கடல்வழியாக வந்தது.

புகை எப்படி ஓசோனாகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐதரொட்சில் மூலிகம் காபனோரொட்சைட்டைச் சுத்தம் செய்யும்போது இன்னொரு மூலிகம் பிறக்கிறது. இந்த இரண்டாவது மூலிகத்தின் முன் இரண்டு வழிகள். பக்கத்தில் நைத்திரிக் ஒட்சைட்டு இல்லாவிட்டால் அது ஓசோனைத் தாக்கி அழிக்கும். நைத்திரிக் ஒட்சைட்டு இருந்தால் அதை நைதரசனீரொட்சைட்டாக மாற்றிவிடும், வெயில் அதை உடைக்க, புதிய ஓசோன் பிறக்கும். அதே வெயில், அதே ஈரம், அதே மூலிகம். முடிவு மட்டும் நேர்மாறு. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தீர்மானிக்கிற எல்லை லட்சம் கோடியில் சில பத்துப் பங்கு நைத்திரிக் ஒட்சைட்டு. ஒரு நகரத் தெருவில் இருப்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. வெறுங்கடல் அந்த எல்லைக்குக் கீழே நிற்கிறது. அதனால்தான் அது ஓசோனைத் தின்கிறது. கொஞ்சம் புகை போதும், தின்கிற கடல்மேலேயே ஓசோன் சமைக்கத் தொடங்கிவிடும்.

அந்தக் கொஞ்சம் புகை எங்கள் தெற்கிலேயே நாள்தோறும் கடலில் கோடு போடுகிறது. தேவேந்திரமுனைக்குக் கீழே மலாக்கா நீரிணையை நோக்கிப் போகிற கப்பல் பாதை உலகத்தின் மிக நெருக்கமான பாதைகளில் ஒன்று. செய்மதியிலிருந்து பார்த்தால் நைதரசனீரொட்சைட்டு அந்தப் பாதையில் கீறல் போலத் தெரிவதை 2004இலேயே வெளியிட்டுவிட்டார்கள். 2017இல் இன்னும் வியப்பான ஒன்று தெரியவந்தது. அந்தப் பாதையின்மேல் அதுவரை விழுந்த மின்னல்கள் பக்கத்துக் கடலைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. கப்பல் புகைத்துகள்கள் முகில் துளிகளைச் சிறிதாக்கி, அவை உயரே போய் உறைந்து, மின்னேற்றம் கூடுகிறது என்பது விளக்கம். மின்னல் ஒவ்வொன்றும் நைத்திரிக் ஒட்சைட்டை உண்டாக்கும். 2020 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பு 3.5 வீதத்திலிருந்து 0.5 வீதமாகக் குறைந்தது. துகளுக்கு அது நல்லது. நைத்திரிக் ஒட்சைட்டுக்கு அந்த விதியால் பெரிய மாற்றம் இல்லை, அது எஞ்சினின் சூட்டில் காற்றிலிருந்தே பிறப்பது.

இதெல்லாம் வெறும் ஆராய்ச்சியாளர் கவலையா என்று கேட்கலாம். இல்லை. ஓசோன் நெற்பயிரின் இலைத்துளை வழியாக உள்ளே போய் விளைச்சலைக் குறைக்கிறது. தம்பலகாமத்து வயலும் மூதூர் வயலும் பெரும்போகத்தில் பச்சை பிடிப்பது வாடை அடிக்கிற இதே மாதங்களில்தான். இழுத்துக் கட்டிய இறப்பரையும் அது வெடிக்க வைக்கும். 1950களில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரப் புகையை ஆராய்ந்த ஹாகன்-சிமிற் வளைத்துவைத்த இறப்பர்த் துண்டில் விழும் வெடிப்பைப் பார்த்தே ஓசோனை அளந்தார். இறப்பரில் வெடிப்பாகத் தெரிவது நுரையீரலில் கண்ணுக்குத் தெரிவதில்லை. மார்கழியில் மூச்சு இழுக்கிற பிள்ளையை "ஓசோன் காற்று நல்லது" என்று சொல்லி விடியற்காலையில் வெளியே கூட்டிக்கொண்டு போகிறவர்களைக் கண்டிருக்கிறேன். பிள்ளைக்கு அந்த நேரத்தில் தொல்லை தருவது பெரும்பாலும் குளிரும் பனியும் தரையோடு கிடக்கிற அடுப்புப் புகையும்தான். ஆனாலும் ஓசோன் மருந்து என்ற நம்பிக்கையை நம்பி, மூச்சுக்கு மருந்து இழுக்கிற பம்பைக் கையில் எடுக்காமல் போவது ஆபத்து.

கோயிலுக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் போகிறேன். போன மார்கழியில் மழை விட்ட ஒரு நாள், பூசை முடிந்து கோணேசர் மலையின் இராவணன் வெட்டுப் பக்கம் நின்றோம். அடிவானத்தில் ஒரு விரற்கடை உயரத்துக்குக் கடலும் வானமும் சேருகிற கோடு தெரியவில்லை. சாம்பலும் பழுப்புமாக ஒரு மங்கல். பக்கத்தில் நின்ற சின்னப் பெண் அதைப் பனி என்றாள். அவளுடைய தாத்தா, "பனியெண்டா வெயில் ஏறக் கரையும், பிள்ளை" என்றார். வெயில் ஏறிற்று, மங்கல் கரையவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று அந்த நேரத்தில் தொடங்கிவிட்டிருந்தது. முதற்கதிர் காற்றிலுள்ள ஓசோனில் பட்ட கணத்திலிருந்து அந்த மங்கலுக்குள் ஐதரொட்சில் மூலிகங்கள் பிறந்து, ஒன்றொன்றும் ஒரு வினாடிக்குள் ஒரு புகை மூலக்கூறைப் பிடித்து முடிந்துகொண்டிருந்தன. கீழே பாறையில் அலை அடித்துச் சிதறிய நீர் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஓசோனை விழுங்கிக் கொஞ்சம் அயடீனை மேலே விட்டது. பின்னேரம் நாலு மணிவரை அது ஓயாது.